தினமும் ஒன்றா? தேவைக்கு ஒன்றா? ஆண்மைக்குறைவு மாத்திரை: நெஞ்சுவலிக்காரர்கள் உஷார்!

“தினமும் ஒரு மாத்திரையா? தேவைப்படும் அன்று மட்டும் ஒன்றா?”

மெடிக்கல் ஷாப்பில் கூட்டம் கலைந்த பிறகு, காதோடு காதாகக் கேட்கப்படும் கேள்வி இது. டாக்டரிடம் போகக் கூச்சம். அதனால் பலர் கடைக்காரரையே டாக்டர் ஆக்கிவிடுகிறார்கள்.

ஆபத்தே அங்கேதான்!

4 மணி நேரம்

இந்த ரகத்தில் முதலில் வந்தது வயாகரா. 1998-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இதில் உள்ள மருந்து சில்டெனாபில்.

உறவுக்கு சுமார் 1 மணி நேரம் முன்னதாகச் சாப்பிட வேண்டும். 4 மணி நேரம் வரை வேலை செய்யும். பிரியாணியை ஒரு பிடி பிடித்துவிட்டுப் போட்டால், மருந்து ஏறத் தாமதம் ஆகும்.

36 மணி நேரம்

அடுத்தது தடாலாபில். சனிக்கிழமை இரவு போட்டால் திங்கட்கிழமை காலை வரை தாங்கும். அதாவது 36 மணி நேரம். சாப்பாட்டால் தடை இல்லை.

அவ்வளவு நேரமும் விறைப்பு இருக்குமோ என்று பயம் வேண்டாம். ஆசை வந்தால்தான் மாத்திரை கை கொடுக்கும். 4 மணி நேரத்துக்கு மேல் விறைப்பு அடங்காவிட்டால் மட்டும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

தினசரி யாருக்கு?

அதே தடாலாபில்தான். அளவு குறைவு. 2.5 அல்லது 5 மில்லிகிராம். தினமும் ஒரே நேரத்தில் சாப்பிட வேண்டும். சுமார் 5 நாளில் உடம்பில் மருந்து நிலையாக நிற்கும். அப்புறம் கடிகாரம் பார்க்க வேண்டியது இல்லை.

வாரம் 2 தடவைக்கு மேல் உறவு கொள்பவருக்கு இது வசதி. புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் போகச் சிரமப்படுகிறவருக்கும் உதவும்.

மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை என்றால், தேவைக்கு ஒன்று போதும். செலவும் மிச்சம். தினசரி சாப்பிடுகிறவர், “இன்று ஸ்பெஷல்” என்று மேலும் ஒன்று போடக் கூடாது!

உயிருக்கு உலை

நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் ‘சோர்பிட்ரேட்’ போன்ற நைட்ரேட் மருந்து சாப்பிடுகிறீர்களா? அப்படியானால் இரண்டுமே கூடாது. ரத்த அழுத்தம் திடீரென்று சரிந்து உயிரே போகலாம்.

சில்டெனாபில் சாப்பிட்டால் 24 மணி நேரத்துக்கும், தடாலாபில் என்றால் 48 மணி நேரத்துக்கும் நைட்ரேட் ஆகாது. தினசரிக்காரர் உடம்பில் மருந்து எந்நேரமும் இருக்கும்.

ஆகவே நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள். மனைவியிடமும் சொல்லி வையுங்கள். நீங்கள் மயங்கிக் கிடந்தால் டாக்டரிடம் யார் சொல்வது?

முன்னெச்சரிக்கை மணி

ஆண் உறுப்பின் ரத்தக்குழாய், இதயக் குழாயை விடச் சிறியது. அடைப்பு முதலில் அங்கே தெரியலாம். மாரடைப்பு வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே அடிக்கும் மணி அது! சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, கொழுப்பு மூன்றையும் பரிசோதித்துவிடுங்கள். சிகரெட்டுக்கும் முழுக்குப் போடுங்கள்.

டாக்டர் சீட்டு இல்லாமல் இந்த மாத்திரைகளை விற்கக் கூடாது என்பது சட்டம். தினமும் ஒன்றா, தேவைக்கு ஒன்றா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

வெட்கத்தால் உயிர் போக வேண்டாம்!