அரளிப்பூ நிறத்தில் ஒரு போர்க்களம்

கிழக்குக் காங்கோவின் மலைச்சரிவுகள் கண்ணெட்டும் தூரம்வரை பச்சை. ஆனால் அயர்லாந்துக் கலைஞர் ரிச்சர்ட் மோஸ் எடுத்த படங்களில் அவை அரளிப்பூப் போல இளஞ்சிவப்பாகப் பூத்துக் கிடக்கின்றன. நடுவே துப்பாக்கி ஏந்திய இளைஞர்கள். கணினியில் யாரும் நிறம் மாற்றவில்லை. பிலிம் கண்டது அப்படித்தான்.

இலைக்குள் நடப்பதைப் பார்த்தால் காரணம் புரியும். பச்சையம் சிவப்பு, நீல ஒளிகளை உறிஞ்சி உணவு தயாரிக்கிறது. பச்சையில் ஒரு பங்கு தப்பி வருகிறது. நம் கண்ணுக்குத் தெரிவது அதுதான். அலைநீளம் 700 நானோமீட்டரைத் தாண்டிவிட்டால் பச்சையத்துக்கு வேலையில்லை. அந்த அகச்சிவப்பு ஒளி இலைக்குள் நுழைந்து, செல்களுக்கும் அவற்றிடையே உள்ள காற்றறைகளுக்கும் நடுவில் சிதறி, ஏறத்தாழப் பாதி வெளியே திரும்பிவிடுகிறது. அதைக் காணும் கண் நமக்கிருந்தால் காடு முழுக்கப் பளீரென்று தெரியும்.

மோஸ் பயன்படுத்திய கோடக் ஏரோக்ரோம் பிலிமுக்கு அந்தக் கண் இருந்தது. அதன் அடுக்குகள் பச்சையை நீலமாகவும், சிவப்பைப் பச்சையாகவும், அகச்சிவப்பைச் சிவப்பாகவும் மாற்றிக் காட்டும். இவ்வகைப் பிலிமை முதலில் வேண்டியது ராணுவம். பச்சை பெயிண்ட் அடித்த மறைப்பு வலை மனிதக் கண்ணை ஏமாற்றிவிடும். ஆனால் அது இலையைப் போல அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பாது. சிவந்த காட்டில் அது மட்டும் நீலம் பாரித்து நின்று தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். இஸ்ரோவின் செயற்கைக்கோள் படங்கள் பலவற்றில் நம் வயல்கள் சிவப்பாகத் தெரிவதும் இதே முறையால்தான்.

2009-ல் கோடக் இந்தப் பிலிமை நிறுத்தியது. மிச்சமிருந்த சுருள்களோடு மோஸ் 2010-ல் காங்கோவுக்குப் போனார். எத்தனையோ உயிர்களைப் பலிகொண்டும் உலகத்தின் கவனத்துக்கு வராத ஒரு போர் அங்கே நடந்துகொண்டிருந்தது. அங்கே எடுத்த 'தி என்கிளேவ்' என்ற திரைப்படைப்பு 2013-ல் வெனிஸ் பியென்னாலே கலைக் கண்காட்சியில் ஆறு திரைகளில் ஓடியது. துயரத்தை அழகாக்குவது தகுமா என்ற கேள்வி எழுந்தது. அந்த அழகுதான் பார்வையாளரை நகரவிடாமல் பிடித்து நிறுத்தியது என்பது என் எண்ணம்.

அடுத்து அவர் கையில் எடுத்தது சட்டப்படி ஆயுத வகையில் சேர்ந்த தெர்மல் கேமரா. 30 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே மனித உடலைக் கண்டுபிடிக்கும். இதற்கு வெளிச்சமே வேண்டாம். சூடுள்ள எந்தப் பொருளும் தானே அகச்சிவப்பை வெளிவிடும், அதுவே போதும். கேமராவின் உணர்கருவியைக் கடுங்குளிரில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அதன் சொந்தச் சூடே படத்தைக் கெடுத்துவிடும். இதைக் கொண்டு ஐரோப்பாவை நோக்கி வந்த அகதிகளைப் படம்பிடித்து 'இன்கமிங்' என்ற படைப்பை உருவாக்கினார். 2017-ல் லண்டன் பார்பிகன் அரங்கில் திரையிட்டார். அதில் தோல் நிறம் தெரிவதில்லை. உடல் சூடு மட்டுமே கறுப்பு வெள்ளையில் தெரிகிறது. குளிரில் விறைத்துப்போனவரை மீட்புப் பணியாளர் தேய்க்கிறார். கையை எடுத்த பிறகும் அதன் தடம் சற்று நேரம் மின்னுகிறது. ஒருவர் சூடு இன்னொருவருக்குப் போவது அப்படியே பதிவாகியிருக்கிறது.

அமேசான் காட்டின் அழிவைப் பற்றிய அவரது 'புரோக்கன் ஸ்பெக்டர்' 2022-ல் வந்தது. மோஸின் படைப்புகளைக் கைபேசியில் பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். வாய்ப்பு அமைந்தால் பெரிய திரையில், முழு ஒலியோடு பாருங்கள்.