தறிக்குழியும் தெருக்கால்வாயும்

மாணவ நண்பர்களே, 'நகராட்சி' என்னும் சொல்லைப் பாடநூலில் நீங்கள் படித்திருப்பீர்கள். தேர்வுக்காக அதன் கடமைகளை ஒன்று, இரண்டு என்று எண்ணிட்டு மனனம் செய்தும் இருப்பீர்கள். அக்கடமைகளுள் ஒன்று தவறினால் ஒரு குடும்பத்திற்கு என்ன நேர்கிறது என்பதை, ஆரணியைப் போன்றதொரு நெசவூரில் கண்கூடாகக் காணலாம்.

ஆரணிப் பட்டு நெய்யப்படும் கைத்தறிகளுள் குழித்தறி என்பது ஒரு வகை. வீட்டுக்குள் தரையைத் தோண்டிக் குழி அமைத்து, அதனுள் மிதிகட்டைகளைப் பொருத்துவார்கள். நெசவாளர் குழியின் விளிம்பில் அமர்ந்து, கால்களை உள்ளே விட்டு மிதித்து நெய்வார். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை பொழியும்போது, தெருக்கால்வாய் தூர்ந்து கிடந்தால் நீர் வடிய வழியின்றித் தேங்குகிறது. மண்ணில் ஊறித் தறிக்குழிக்குள் சுரக்கிறது. குழியில் நீர் நின்றால் தறி நிற்கும். தறி நின்றால் கூலி நிற்கும். ஏனெனில், நெசவாளரின் கூலி பெரும்பாலும் சேலைக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுவது. மழை விட்ட காலத்திலும் தெரு அவர்களுக்குத் தொழிற்கூடமே. பாவைத் தெருநீளம் நீட்டிக் கட்டி, அறுந்த இழைகளைப் பிணைத்துச் சீர் செய்வது அங்கேதான். ஆகவே, கால்வாயைத் தூர் வாருதலும் தெருவைப் பெருக்குதலும் இவ்வூரில் வெறும் வசதிகள் அல்ல. உலை ஏறுவதற்குரிய காரணங்கள்.

இத்தகைய பொதுக் காரியங்களை ஊரார் தமக்குள் பொறுப்பேற்றுச் செய்வது நம் நாட்டிற்குப் புதியதன்று. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் இன்றும் உள்ளன. ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலிய வாரியங்களுக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த விதிகளை அவை கூறுகின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய உறவினரும் மீண்டும் வாரியத்திற்கு வரலாகாது என்பது அவ்விதிகளுள் ஒன்று. எனினும் அது நிலமும் கல்வியும் உடைய ஒரு சாராரின் சபை; பெண்களுக்கும் ஏனைய குடிகளுக்கும் அதில் இடம் இருக்கவில்லை. இந்நாளில் பதினெட்டு வயது நிறைந்த ஒவ்வொருவருக்கும் வாக்கு உண்டு. தமிழ்நாட்டு உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கென ஒதுக்கப்படுகிறது. பழைய சபையிடமிருந்து நாம் கொள்ளத்தக்கது, கணக்குக் கேட்கும் அந்த வழக்கமேயாகும்.

பிற்காலத்தில், 1882ஆம் ஆண்டு ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானம் ஊராட்சி, நகராட்சிகளில் மக்கள் பிரதிநிதிகளுக்கு இடமளிக்க வழி செய்தது. 1920ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம் நெடுங்காலம் நம் நகரங்களை ஆண்டது. 1993 ஜூன் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த 74ஆம் அரசியலமைப்புத் திருத்தம், நகராட்சிகளுக்கு அரசியலமைப்பிலேயே இடம் தந்தது. 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், இயற்றப்பட்டுக் கால் நூற்றாண்டு கழிந்து, 2023 ஏப்ரலில் செயலுக்கு வந்தது.

ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் என்பது அரசியலமைப்பின் கட்டளை. ஆயினும், 2011இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தபின், தமிழகத்து நகரங்களில் 2022 பிப்ரவரி 19 வரையில் தேர்தல் நடைபெறவில்லை. அதுவரை தனி அலுவலர்களே நிருவாகத்தை நடத்தினார்கள். அலுவலர் திறமையானவராக இருக்கலாம். ஆனால், நம் தெருக்காரர் ஒருவர் மன்றத்தில் எழுந்து நின்று, "எங்கள் கால்வாய் என்னவாயிற்று?" என்று கேட்கும் குரல் அவ்வாண்டுகளில் இல்லை. தேர்தல் தள்ளிப்போவது நாளிதழில் ஒரு செய்தி. தெருவிலோ அது ஐந்தாண்டு மௌனம்.

மன்றம் முடிவு செய்யும். ஆணையாளரும் அவருக்குக் கீழுள்ள பொறியாளர், சுகாதார ஆய்வாளர் முதலியோரும் அதனைச் செயற்படுத்துவர். இவ்விரண்டிற்கும் பணம் வேண்டும். வீட்டுவரி எனப்படும் சொத்துவரியே நகராட்சியின் சொந்த வருவாய்களுள் முதன்மையானது. அது அரையாண்டுக்கு ஒருமுறை செலுத்தப்படுவது. 2022 ஏப்ரலில் அவ்வரி திருத்தப்பட்டபோது, நகராட்சிப் பகுதிகளில் 600 சதுர அடிக்கு உட்பட்ட குடியிருப்புகளுக்கு நூற்றுக்கு 25 பங்கும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றிற்கு நூற்றுக்கு நூறும் உயர்த்தப்பட்டது. வரியைத் திருத்தாத நகரங்கள் மைய நிதிக்குழுவின் மானியத்தை இழக்க நேரும் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. தறி ஒன்றை வைத்துப் பிழைக்கும் வீட்டிற்குச் சிறு உயர்வும் சுமைதான். சுமையைத் தாங்குபவர், 'இப்பணம் எந்தக் கால்வாய்க்குச் சென்றது?' என்று கேட்கும் உரிமையும் உடையவர். மாணவர்களுக்கு இன்னொரு செய்தியும் உண்டு. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி, சொத்துவரியுடன் நூலக வரியும் சேர்த்தே தண்டப்படுகிறது. நீங்கள் நூலகத்தில் எடுத்துப் படிக்கும் புத்தகத்தில் உங்கள் தெருவினர் செலுத்திய காசும் அடங்கியுள்ளது.

இனி, கேட்கும் முறையைப் பார்ப்போம். முதலில் எந்தக் கதவைத் தட்டுவது என்று அறிய வேண்டும். தெருவிளக்கு நகராட்சியைச் சார்ந்தது; வீட்டு மின்சாரம் மின்வாரியத்தைச் சார்ந்தது. பட்டா வட்டாட்சியர் அலுவலகத்திற்குரியது. பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் கைத்தறித் துறையின்கீழ் வருவது. பிறப்பு, இறப்புப் பதிவு நகராட்சியில் நடைபெறும். 21 நாட்களுக்குள் தெரிவித்தால் கட்டணமில்லை. 2023 அக்டோபர் முதல் நாளுக்குப் பின் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதலிய பலவற்றிற்கும் பிறப்புச் சான்றிதழே தனி ஆவணமாக அமையும். தறி வீடு தேவிகாபுரம் போன்றதோர் ஊரில் இருந்தால் ஆரணி நகராட்சி அதற்குப் பொறுப்பன்று. அங்கே ஊராட்சியும் கிராம சபையும் உண்டு.

அடுத்து, குறையை எழுத்தில் தர வேண்டும். வார்டு எண், தெரு, எந்தக் கதவெண்ணிலிருந்து எதுவரை கால்வாய் தூர்ந்துள்ளது, எந்நாள் முதல் நீர் தேங்குகிறது, எத்தனை தறிகள் நின்றன என்னும் ஐந்தும் மனுவில் இருந்தால் போதும். வசைமொழியும் வேண்டா, புகழ்மொழியும் வேண்டா. படி ஒன்றை வைத்துக்கொண்டு, தேதியிட்ட ஒப்புகை பெறுக. விடை வராவிடில் வார்டு உறுப்பினரிடம் அதே படியைக் காட்டுக. 2022இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி நகரங்களிலும் பகுதி சபைகள் அமைந்தன. அவற்றின் கூட்டங்கள் அவ்வாண்டு நவம்பர் முதல் நாளன்று தொடங்கின. அங்கே தெருவார் நேரிலேயே பேசலாம். அதற்கும் பயனில்லையெனில், 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பித்தால் பொதுவாக முப்பது நாட்களுக்குள் விடை தருதல் அலுவலகத்தின் கடமை.

உரிமையைக் கூறியபின் கடமையைக் கூறாமல் விடுவது நேர்மையாகாது. கச்சாப் பட்டின் பசையை நீக்கச் சோப்பும் சோடாவும் இட்டுக் கொதிக்க வைக்கிறோம். பின்னர்ச் சாயம் தோய்க்கிறோம். அந்நீரைத் தெருக்கால்வாயில் கொட்டினால், அது அயல் வீட்டுக் கிணற்றையும் நம் ஊரை ஒட்டி ஓடும் கமண்டல நாகநதியையும் சேரும். குப்பையை மக்குவது, மக்காதது என்று பிரிக்காமல் கால்வாயில் எறிபவர், மழைநாளில் அயலாரின் தறிக்குழியை நிரப்புகிறார். தூய்மைப் பணியாளர் கால்வாயில் இறங்கி வாருவது நாம் எறிந்ததையே என்பதையும் மறத்தல் கூடாது.

நண்பர்களே, உங்கள் தெருவில் கண்ணாடி அணிந்தும் எழுத்தைப் படிக்க இயலாத முதியவர்கள் இருப்பார்கள். நாள் முழுதும் மிதித்துக் களைத்து, அலுவலக வேளையில் தறியை விட்டு எழ முடியாதவர்களும் இருப்பார்கள். அவர்களுக்காக ஒரு மனுவைத் தெளிவான தமிழில் எழுதித் தருவதற்குப் பட்டம் தேவையில்லை. நீங்கள் இதுவரை கற்ற கல்வியே போதும். அடைமழை தொடங்குவதற்கு முன், புரட்டாசியிலேயே அதனை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.