மூளைக்குப் பாயும் மடை

மேலூர்ப் பக்கம் கண்மாய் மடையைத் திறந்து வயலுக்கு நீர் பாய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். கண்மாயின் மட்டம் உயர்ந்தும், வாய்க்காலின் மட்டம் தாழ்ந்தும் இருக்கும்வரை நீர் விரைந்து பாயும். வாய்க்காலின் மறுமுனையை அடைத்துவிட்டால்? வாய்க்கால் மட்டம் ஏறும்; பாய்ச்சல் தளரும். இரு மட்டங்களும் ஒன்றாகிவிட்டால், கண்மாய் நிறைந்திருந்தாலும் சொட்டு நீர் பாயாது. ஓட்டத்தை நடத்துவது அழுத்த வேறுபாடே. மூளைக்குச் செல்லும் இரத்தத்திற்கும் இதுவே விதி.

நம் மூளையின் எடை சுமார் 1400 கிராம். உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கு. ஆயினும் நிமிடத்திற்கு ஏறத்தாழ 750 மில்லிலிட்டர் இரத்தம் அதற்கு வேண்டும். அந்த ஓட்டம் அடியோடு நின்றால் பத்து விநாடிகளுக்குள் நினைவு தப்பிவிடும்.

மண்டையோடு விரிந்து கொடுக்காத எலும்புப் பெட்டி. அதன் கொள்ளளவில் 80 விழுக்காடு மூளை. எஞ்சியதில் இரத்தமும் மூளைத் தண்டுவட நீரும் பாதிப் பாதி. ஒன்று மிகுந்தால் மற்றொன்று குறைந்தே தீரவேண்டும். 1783இல் அலெக்சாண்டர் மன்றோவும், 1824இல் ஜார்ஜ் கெல்லியும் எடுத்துரைத்த கருத்து இது.

இப்போது ஒரு கணக்கு. தமனிகளின் சராசரி அழுத்தம் 90 மில்லிமீட்டர் பாதரசம். மண்டைக்குள் உள்ள அழுத்தம் 10 எனக் கொள்வோம். மூளைக்கு இரத்தத்தைச் செலுத்தும் வேறுபாடு 80. மண்டைக்குள் அழுத்தம் 50 ஆனால் வேறுபாடு 40தான். வேறுபாடு 60 வரை குறைந்தாலும் இரத்தக் குழாய்கள் விரிந்து ஈடுகட்டும். அதற்கும் கீழே போனால் மூளை பட்டினி கிடக்கும். பட்டினி கிடக்கும் மூளை வீங்கும். வீக்கம் அழுத்தத்தை மேலும் ஏற்றும்.

சுற்றுச்சாலையில் ஒருவர் தலைக்கவசமின்றி மோட்டார் சைக்கிளிலிருந்து விழுகிறார். எழுந்து தூசியைத் தட்டி, “ஒன்றுமில்லை” என்கிறார். உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். முதலில் மூளைத் தண்டுவட நீர் முதுகுத்தண்டுப் பக்கம் ஒதுங்கி இடம் விடும். சிரைகளிலுள்ள இரத்தமும் வெளியேறும். அதனால் அழுத்தம் அதிகம் ஏறாது. அவரும் நன்றாகப் பேசுவார். ஒதுங்க இடமில்லாத நிலை வந்ததும், இன்னும் சில மில்லிலிட்டர் கசிந்தாலே அழுத்தம் செங்குத்தாக ஏறிவிடும். உடல் தன் இரத்த அழுத்தத்தை உயர்த்திப் போராடும், நாடியோ மெதுவாகும். 1901இல் ஹார்வி குஷிங் விளக்கிய இந்த அறிகுறி, பெரும்பாலும் காலம் கடந்தபின்தான் தோன்றும்.

எனவே தலையில் அடிபட்டவருக்குத் தலைவலி மிகுந்தாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, பேச்சுக் குழறினாலோ, தூக்கம் தூக்கமாக வந்தாலோ, “தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்” என்று விட்டுவிடாதீர்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனை போல, நரம்பியல் அறுவைப் பிரிவு உள்ள இடத்துக்கு உடனே கொண்டு செல்லுங்கள். 1949இல் வேலூரில் ஜேக்கப் சாண்டியும், 1950இல் சென்னைப் பொது மருத்துவமனையில் பி. இராமமூர்த்தியும் தொடங்கிவைத்த மருத்துவத் துறை அது. அங்கே ஸ்கேன் எடுத்துப் பார்த்து, தேவையானால் மண்டையோட்டைத் திறந்து, உறைந்த இரத்தத்தை அகற்றுவார்கள். வாய்க்கால் அடைப்பை எடுத்தால் மடைநீர் மீண்டும் பாய்வதுபோல், மூளைக்கு இரத்தம் பாயும். அந்த அடைப்பை எடுக்கக் கிடைக்கும் நேரமோ சில மணிகள்தாம்.