பழைய கார்: கொடுத்து மாற்றுவதா, தனியாக விற்பதா?

விலையில் சில ஆயிரம் கூடலாம், குறையலாம். பதிவேட்டில் பெயர் மாறாமல் போனால் இழப்பு லட்சங்களில் வரும்.

புதுக் கார் வாங்கத் தீர்மானித்த வீட்டில், எந்த நிறம் என்ற சர்ச்சை ஒரே நாளில் முடிந்துவிடும். பழையதை என்ன செய்வது என்ற சர்ச்சை அப்படி முடியாது. "ஷோரூமிலேயே விட்டுவிட்டு மீதியைக் கட்டிவிடலாம், யார் அலைவது?" என்பது ஒரு கட்சி. "அவன் அடிமாட்டு விலைக்குக் கேட்கிறான், நாமே விளம்பரம் கொடுத்து விற்கலாம்" என்பது மறு கட்சி. டெல்லி ஆர்.கே. புரத்திலும் மும்பை மாட்டுங்காவிலும் பெங்களூர் அல்சூரிலும் இதே பேச்சுதான். இரு கட்சியிலும் நியாயம் உண்டு. இருவருமே பார்க்கத் தவறுகிற விஷயம் ஒன்றும் உண்டு.

ஒரு காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. அம்பாசடரும் பிரிமியர் பத்மினியும் சாலையை ஆண்ட நாட்களில், பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பழைய காரை விற்பவர் ராஜா, வாங்குபவர் யாசகர். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. தொண்ணூறுகளில் வெளிநாட்டு நிறுவனங்கள் வரிசையாக நுழைந்தன. புதுக் கார் கடையில் கிடைக்கத் தொடங்கியதும் பழைய காரின் மவுசு இறங்கியது. பழையதை வாங்கிக்கொண்டால்தான் புதியது விற்கும் என்ற நிலை வந்தது. 2001-ல் மாருதி நிறுவனம் 'ட்ரூ வேல்யூ' கடைகளைத் திறந்தது. மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. 2015-க்குப் பிறகு 'கார்ஸ்24', 'ஸ்பின்னி' போன்ற நிறுவனங்கள் வீட்டுக்கே வந்து பார்த்து விலை சொல்கின்றன. டெல்லி கரோல் பாக் தரகர்களும் தங்கள் பங்குக்கு இருக்கவே இருக்கிறார்கள்.

மூன்று எண்கள், ஒரு குழப்பம்

ஷோரூம்காரர் உங்கள் காருக்குக் குறைத்து விலை சொல்வதில் மர்மம் எதுவும் இல்லை. அதைக் கழுவி, பழுது பார்த்து, மாதக்கணக்கில் நிறுத்தி வைத்து, லாபம் வைத்து இன்னொருவருக்கு விற்க வேண்டும். வரியும் உண்டு. 2024 டிசம்பரில் ஜெய்சல்மேரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் எடுத்த முடிவின்படி, பதிவு பெற்ற வியாபாரி பழைய கார் விற்றால், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தில் 18 சதவீதம் வரி. மூன்று லட்சத்துக்கு வாங்கி மூன்றரை லட்சத்துக்கு விற்றால், 50,000 ரூபாய்க்கு 9,000 ரூபாய். தனிநபர் தன் காரைத் தனிநபருக்கு விற்றால் இந்த வரி இல்லை. தனியாக விற்கும்போது கூடுதல் விலை கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் ஷோரூமில் ஒரே பேச்சில் மூன்று எண்களைக் கலந்துவிடுகிறார்கள்: புதுக் காரின் விலை, பழைய காரின் மதிப்பு, 'எக்ஸ்சேஞ்ச் போனஸ்'. ஒரு உதாரணக் கணக்கைப் பார்ப்போம். வெளியே 3,60,000 ரூபாய்க்குப் போகக்கூடிய கார். ஷோரூமில் 3,05,000 தருகிறார்கள், போனஸ் 30,000. ஆக 3,35,000. நஷ்டம் 25,000தான் என்று தோன்றும். பழைய கார் இல்லாமல் போய் நின்றவருக்கு அதே புதுக் காரில் 20,000 ரூபாய் கூடுதல் தள்ளுபடி தருகிறார்கள் என்றால்? அப்போது உண்மையான வித்தியாசம் 45,000.

ஆகவே முதல் விதி: பழைய காரைப் பற்றி வாயே திறக்காமல் புதுக் காரின் கடைசி விலையை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பழைய காரின் பேச்சை அதன் பிறகே எடுக்க வேண்டும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. போனஸ் பெரும்பாலும் கார் தயாரிக்கும் நிறுவனம் தருவது. சில திட்டங்களில், பழைய காரை நீங்கள் வெளியே விற்றாலும், பெயர் மாறிய ஆர்.சி.யின் நகலைக் குறித்த நாட்களுக்குள் கொடுத்தால் போனஸ் உண்டு. டீலர் தானாகச் சொல்ல மாட்டார். கேட்க வேண்டும்.

வரிச் சலுகையை எதிர்பார்த்துக் கொடுத்து மாற்றுவதில் நம் நாட்டில் அர்த்தமில்லை. அமெரிக்காவில் பல மாநிலங்களில் பழைய வண்டியைக் கொடுத்தால், வித்தியாசத் தொகைக்கு மட்டும் விற்பனை வரி கட்டினால் போதும். அதனால் அங்கே காரையும் இழுவைக் கேரவனையும் டீலரிடமே விடுபவர்கள் அதிகம். இங்கே ஜி.எஸ்.டி.யும் சாலை வரியும் புதுக் காரின் முழு விலைக்கும்தான்.

தனியாக விற்பதிலும் செலவு உண்டு. தேய்ந்த டயர், சர்வீஸ், பாலிஷ், விளம்பரம் என்று 12,000 போனால், மேலே சொன்ன கணக்கில் மிச்சம் 33,000. அதற்காக ஞாயிற்றுக்கிழமைகளைத் தியாகம் செய்ய வேண்டும். அறிமுகமில்லாதவர்களை ஓட்டிப் பார்க்க விட வேண்டும். "ராணுவத்தில் இருக்கிறேன், வண்டியைப் பார்க்காமலே வாங்கிக்கொள்கிறேன், இந்த க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்தால் முன்பணம் வரும்" என்று பேசும் மோசடிப் பேர்வழிகளையும் சமாளிக்க வேண்டும். பணம் பெறுவதற்கு எந்தக் கோடையும் ஸ்கேன் செய்யத் தேவையில்லை, ரகசிய எண்ணும் போட வேண்டியதில்லை.

காலமும் விலையைத் தின்னும். 2025 செப்டம்பர் 22 அன்று சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. புதுக் கார் மலிவானதும் பழைய காருக்கும் அதே விலையைச் சொல்லிக்கொண்டிருக்க முடியவில்லை.

விற்றவர் மாட்டிக்கொண்ட கதை

இனிதான் முக்கியமான விஷயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் பார்வையில் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். 2009 மே மாதம் பின்னோக்கி வந்த ஒரு வண்டி மோதி ஓர் உயிர் போனது. பதிவேட்டில் பெயர் இருந்தவர் அந்த வண்டியை 2007-லேயே விற்றிருந்தார். வாங்கியவர் இன்னொருவருக்கு, அவர் மற்றொருவருக்கு என்று அது பல கை மாறியிருந்தது. பெயர் மட்டும் மாறவில்லை. வழக்கு பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றத்தைத் தாண்டி உச்ச நீதிமன்றம் போனது. 2018 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது: நஷ்ட ஈட்டுப் பொறுப்பு பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கே. விபத்தில் பாதிக்கப்பட்டவர் வண்டி கை மாறிய சங்கிலியைத் தேடி அலைய வேண்டியதில்லை என்பது நீதிமன்றத்தின் வாதம். பாதிக்கப்பட்டவரின் பக்கம் நின்று பார்த்தால் அது நியாயம்தான். காரை விற்றுவிட்டு நிம்மதியாகத் தூங்கியவருக்கு இடி.

விபத்தோடு இது நிற்பதில்லை. 2025 நவம்பரில் டெல்லி செங்கோட்டை அருகே வெடித்த கார் பலமுறை கை மாறியது. பதிவு எண்ணை வைத்துப் போலீசார் முதலில் போய் நின்றது, அதை எப்போதோ விற்றுவிட்ட பழைய உரிமையாளரின் வீட்டில்.

சட்டம் காட்டும் வழி தெளிவானது. அதே மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள் அவகாசம். படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்து வேண்டும். தேதியும் வாங்குபவர் பெயரும் இல்லாமல் வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது நம் நாட்டில் சகஜம். தரகர்கள் அதைத்தான் கேட்பார்கள், அடுத்த ஆள் கிடைக்கும்வரை உங்கள் பெயரிலேயே ஓட்டலாமே! அங்கேதான் வினை ஆரம்பம்.

டீலரிடம் விட்டால் இந்தக் கவலை இல்லையா? பாதி இல்லை. 2022 டிசம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்யப்பட்ட திருத்தம் 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அதன்படி அங்கீகாரச் சான்றிதழ் பெற்ற டீலரிடம் வண்டியை ஒப்படைத்து, படிவம் 29சி மூலம் தகவல் பதிவானால், அன்று முதல் அந்த டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார். விற்பவருக்கு இது பெரிய பாதுகாப்பு. ஆனால் டீலருக்கு அந்த அங்கீகாரம் இருக்க வேண்டும், தகவலும் பதிவாக வேண்டும். பளபளக்கும் ஷோரூமையும் கழுத்துப்பட்டை அணிந்த விற்பனையாளரையும் பார்த்து அதை ஊகிக்கக் கூடாது.

ஊர் மாறுகிறவர்களுக்கு

வேலை நிமித்தம் மாநிலம் விட்டு மாநிலம் போகும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கணக்கு இன்னும் சிக்கலானது. காரை எடுத்துப்போனால், 12 மாதங்களுக்கு மேல் தங்கும்போது புது மாநிலத்தில் பதிவு மாற்ற வேண்டும். அங்கே வரி கட்டிவிட்டு, பழைய மாநிலத்திடம் மீதியைத் திரும்பக் கேட்டு அலைய வேண்டும். இந்த அலைச்சலை எண்ணிப் பார்த்தால், கிளம்புவதற்கு முன் இருக்கும் ஊரிலேயே விற்பது பலருக்கு லாபம். வேறு மாநிலத்தவருக்கு விற்றால் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். டெல்லியில் 10 ஆண்டு தாண்டிய டீசல் காருக்கும் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் காருக்கும் 2018-ல் உச்ச நீதிமன்றம் போட்ட கடிவாளம் 2025-ல் ஓரளவு தளர்ந்தது. ஆனாலும் அந்த வயதை நெருங்கும் காரை உள்ளூரில் வாங்கத் தயங்குகிறார்கள்.

பதினைந்து வயதைத் தாண்டிய காருக்கு மூன்றாவது வழியும் இருக்கிறது. அரசு அங்கீகரித்த உடைப்பு மையத்தில் கொடுத்துச் சான்றிதழ் வாங்கினால், அடுத்து வாங்கும் சொந்த உபயோகக் காரின் சாலை வரியில் 25 சதவீதம் வரை மாநிலங்கள் சலுகை தர 2021 விதிகள் இடமளிக்கின்றன.

கைவிட்டுப் போகும் பணம்

இரு வழியிலும் பலர் மறந்துவிடுகிற தொகை இன்ஷூரன்ஸ் போனஸ். இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகக் கிடைக்கும் தள்ளுபடி, முதல் ஆண்டு 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை ஏறும். அது காருக்குச் சொந்தமானது அல்ல, உங்களுக்குச் சொந்தமானது. பெயர் மாற்றியதும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் கடிதம் வாங்கிக்கொண்டால் புதுக் காருக்குப் பயன்படுத்தலாம். காரை விற்கும்போது 'பாலிசியோடு சேர்த்து' என்று பேசி அதையும் தாரை வார்க்கக் கூடாது.

கடனில் வாங்கிய கார் என்றால், வங்கியிடம் பாக்கியில்லாச் சான்றும் கையெழுத்திட்ட படிவம் 35-ம் வாங்கி ஆர்.சி.யிலிருந்து வங்கியின் பெயரை நீக்கியாக வேண்டும். ஃபாஸ்டேக்கை ரத்து செய்ய வேண்டும். இல்லாவிட்டால் வேறு யாரோ போகும் சுங்கச் சாவடிக்கு உங்கள் கணக்கிலிருந்து பணம் போகும்.

எனவே யாருக்கு எது? வயது குறைந்த, நன்கு பராமரித்த, கிராக்கியுள்ள கார் என்றால், ஒரு மாதம் பொறுக்க முடிகிறவர் தனியாக விற்கலாம். தெரிந்தவர், அலுவலக நண்பர் என்றால் இன்னும் நல்லது. ஆனால் நண்பர்தானே என்று பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடக் கூடாது. அடிபட்ட கார், வாங்க ஆளில்லாத மாடல், ஊரை விட்டுக் கிளம்பும் அவசரம், தவணை பாக்கி, வீட்டில் அலைய ஆளில்லாத முதியவர்கள் - இவர்கள் சில ஆயிரங்களை விட்டுக்கொடுத்து அங்கீகாரம் பெற்ற டீலரிடம் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

எந்த வழியானாலும் தேதியும் நேரமும் குறித்த ஒப்படைப்புச் சீட்டு, வாங்குபவரின் அடையாளச் சான்று, கையெழுத்தான படிவங்களின் நகல் ஆகியவை உங்கள் கோப்பில் இருக்கட்டும். ஒரு மாதம் கழித்து 'பரிவாஹன்' இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். உங்கள் பெயரே இன்னும் நின்றால், அன்றைக்கே ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கிளம்பிவிட வேண்டும்.