உங்களுக்குத் தெரியுமா? நகராட்சிக் கல்லாவில் விழும் காசு

★ நீங்கள் கட்டும் சொத்து வரியில் நூலகத்துக்கும் பங்கு உண்டு. ரூபாய்க்கு 10 காசு நூலக வரி. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதனின் விடாமுயற்சியால் 1948-ல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டம் போட்ட ஏற்பாடு இது. நகராட்சி இதை வசூலித்து நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். வசூல் ஒழுங்காக நடக்கிறது. ஒப்படைப்பதில்தான் பல ஊர்களில் பாக்கி!

★ மாதம் மூன்று லட்சம் சம்பளம் வாங்குபவரும் தொழில் வரியாக ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டியதில்லை. அரசியலமைப்பின் 276-வது பிரிவு போட்ட பூட்டு அது. 250 ஆக இருந்த உச்சவரம்பு 1988-ல் 2,500 ஆனது. அதற்குப் பிறகு சம்பளம், விலைவாசி எல்லாம் எங்கோ போய்விட்டன. வரம்பு மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

★ ஒரு காலத்தில் சைக்கிளுக்கும் நகராட்சியில் வரி. கட்டியதற்கு அடையாளமாக ஒரு வில்லை தருவார்கள், அதை வண்டியில் மாட்டிக்கொள்ள வேண்டும். இன்றைய தாத்தாக்களைக் கேட்டால் வில்லை இல்லாமல் சந்து சந்தாக ஓடிய கதைகள் கிடைக்கும்.

★ சென்னை விமான நிலையத்துக்குப் பக்கத்து ஆலந்தூர் 1990-களில் தனி நகராட்சி. பாதாள சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க், கொசு, நாற்றம். சாக்கடைத் திட்டத்துக்குச் சுமார் 34 கோடி ரூபாய் தேவைப்பட்டது. அவ்வளவு பணத்துக்கு நகராட்சி எங்கே போகும்? நகர்மன்றத் தலைவராக இருந்த ஆர்.எஸ்.பாரதி மக்களிடமே கேட்டார். வீட்டுக்கு 5,000 ரூபாய், கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும் 10,000. ஓர் அடி குழாய்கூடப் பதிக்காத நேரத்தில், சாக்கடைக்கு முன்பணம்! குடியிருப்போர் சங்கங்கள் வீடு வீடாகப் போய்ப் பேசின. கோடிக்கணக்கில் பணம் சேர்ந்தது. மீதிக்குக் கடனும் மானியமும். சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் கட்டி நடத்திவிட்டுப் பிறகு ஒப்படைப்பது என்று ஒப்பந்தம். இணைப்பு வாங்கியவர்கள் மாதக் கட்டணமும் கட்டினார்கள். 'நம்ம ஜனங்க காசு தர மாட்டாங்க சார்' என்று யாராவது ஆரம்பித்தால் நான் ஆலந்தூரைத்தான் சொல்வேன். 2011-ல் அந்த ஊர் சென்னை மாநகராட்சியோடு இணைந்துவிட்டது.

★ சின்ன ஊரை நம்பிக் கடன் பத்திரம் வாங்க ஆள் கிடைப்பது கஷ்டம். அதனால் 2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் 13 சிறு உள்ளாட்சிகளைச் சேர்த்து ஒரே பத்திரமாக வெளியிட்டார்கள். குடிநீர், கழிவுநீர்ப் பணிகளுக்காக 30.41 கோடி ரூபாய் திரண்டது. இந்த வகையில் இந்தியாவுக்கே இதுதான் முதல்.

★ ஊரின் மையத்தில் பரந்து கிடக்கும் ரயில் நிலையம் சொத்து வரி கட்டாது. தபால் நிலையமும் அப்படித்தான். மத்திய அரசின் சொத்துக்கு 285-வது பிரிவு விலக்கு தந்திருக்கிறது. குப்பை அள்ளுவது, தண்ணீர் தருவது எல்லாம் நகராட்சியின் பாடு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், வரிக்குப் பதில் 'சேவைக் கட்டணம்' தர 2009-ல் வழி பிறந்தது.

★ வீடோ மனையோ கைமாறும்போது கட்டும் முத்திரைத் தீர்வையில், சொத்து மதிப்பில் நூற்றுக்கு 2 ரூபாய் வீதம் அந்தந்த உள்ளாட்சிக்கு உரியது. பத்திரப்பதிவு மந்தமானால் நகராட்சி ஆணையருக்கும் கவலைதான்.

★ 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது கேளிக்கை வரி ஒழிந்தது என்று தியேட்டர்காரர்கள் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் உள்ளாட்சிகள் விதிக்கும் கேளிக்கை வரியை ஜிஎஸ்டி தொடவில்லை. தமிழ்நாட்டில் 30 சதவீதம் என்று அறிவிப்பு வந்ததும், ஜூலை முதல் வாரத்தில் மாநிலம் முழுக்கத் தியேட்டர்கள் மூடிக் கிடந்தன. பேச்சுவார்த்தைக்குப் பின் தமிழ்ப் படங்களுக்கு 8 சதவீதத்தில் வந்து நின்றது.

★ நகராட்சிகளை ஆள 1998-ல் நிறைவேறிய தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2023 ஏப்ரலில். அதுவரை 1920-ம் ஆண்டுச் சட்டம்தான் நகராட்சிகளுக்கு.

★ சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஏப்ரல் 30-க்குள், அல்லது அக்டோபர் 31-க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை. அதிகபட்சம் 5,000 ரூபாய். தள்ளிப்போட்டால் மாதம் 1 சதவீதம் அபராத வட்டி.