ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிய பிறகு

சுகதேகியான ஒரு மனிதர் நிமிஷத்திற்குச் சுமார் 15 தடவை மூச்சு விடுகிறார். அதை அவர் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. எண்ணிப் பார்க்கவேண்டிய நிலைமை ஏற்பட்டுவிட்டால், தேகத்தில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். அப்படி எண்ணுவதற்கும், திணறும் மூச்சுக்குத் துணை நிற்பதற்கும் சுவாச சிகிச்சை என்று ஒரு தனித் தொழில் உண்டு என்பதை, நம்மில் அநேகர் 2020-ஆம் வருஷத்துப் பெருந்தொற்றின்போதுதான் கேள்விப்பட்டோம்.

இந்தத் தொழில் பிறந்த இடமும் வளர்ந்த இடமும் ஆஸ்பத்திரியே. 1928-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில், சுவாசிக்கும் சக்தியை இழந்த ஒரு சிறுமியை ‘இரும்பு நுரையீரல்’ என்ற பெட்டிக்குள் படுக்கவைத்து மூச்சு விடச் செய்தார்கள். 1952-ல் டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் கொடுமையாகப் பரவியது. அத்தகைய பெட்டிகள் போதவில்லை. பியோர்ன் இப்சன் என்ற டாக்டர், நோயாளியின் தொண்டையில் துவாரமிட்டு, ரப்பர்ப் பையினால் காற்றை உள்ளே செலுத்தும் யுக்தியைக் காட்டினார். ஆனால் பையை அமுக்கிக்கொண்டேயிருப்பது யார்? சுமார் 1,500 மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு, இரவு பகலாக, வாரக் கணக்கில் கையினாலேயே அமுக்கினார்கள். மாணவர் கைகளுக்கு இதைவிடப் பெரிய பரீட்சை உலகத்தில் நடந்திருக்குமா என்பது சந்தேகம்.

பிழைத்தவர் என்றைக்காவது வீட்டிற்குப் போகவேண்டுமல்லவா? 1980-ல் அமெரிக்காவிலும், 1981-ல் பிரிட்டனிலும் வெளியான ஆராய்ச்சிகள் ஒரு விஷயத்தை ஸ்தாபித்தன. நாட்பட்ட நுரையீரல் நோயினால் இரத்தத்தில் பிராணவாயு மிகவும் குறைந்துபோனவர்கள், தினந்தோறும் 15 மணி நேரமாவது அதைச் சுவாசித்துவந்தால் ஆயுள் நீடிக்கும் என்பதே அது. தினம் 15 மணி நேரம், வருஷக் கணக்கில்! எந்த ஆஸ்பத்திரி இடங்கொடுக்கும்? ஆகவே பிராணவாயு வீட்டிற்கு வந்து சேர்ந்தது. அதைக் கையாளக் கற்பிக்க வேண்டிய மாணவரின் படிப்பு மட்டும், பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நின்றுவிட்டது.

அங்கே பிராணவாயு சுவரிலுள்ள குழாயிலிருந்து வருகிறது. யந்திரம் மணியடித்தால் யாராவது ஓடி வருகிறார்கள். வீட்டிலோ, கூடத்து மூலையில் ‘கான்சென்ட்ரேட்டர்’ என்ற பெட்டி ஒன்று இரைந்துகொண்டிருக்கிறது. சாதாரணக் காற்றில் நூற்றுக்கு 21 பங்குதான் பிராணவாயு. 78 பங்கு நைட்ரஜன். இந்தப் பெட்டி, ஜியோலைட் என்ற தாதுப்பொருளின் மணிகளில் நைட்ரஜனைத் தங்கவைத்துவிட்டு, நல்ல நிலையிலிருந்தால் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் பிராணவாயுவாக வெளியே அனுப்புகிறது. சுவரோடு ஒட்டிவைத்தால் அதற்கே மூச்சு முட்டும். வடிகட்டியைக் கழுவாவிட்டாலும் அப்படியே. அதிலிருந்து புறப்படும் குழாய் பூஜை அறையைக் கடந்து செல்கிறது. அங்கே குத்துவிளக்கு, அப்பால் காஸ் அடுப்பு, திண்ணையில் தாத்தாவின் பழைய சிநேகிதர், வாயில் பீடியுடன்! பிராணவாயு தானாக எரிவதில்லை. எரியும் பொருளை மூர்க்கமாக எரியச் செய்யும். வீட்டிற்குள் நுழையும் மாணவர், யந்திரத்தைப் பார்க்கும் முன்னால் வீட்டைப் பார்க்கக் கற்றிருக்கவேண்டும்.

நெருப்பையாவது கண்ணால் காணலாம். அன்பினால் விளையும் அபாயம் அப்படியல்ல. நிமிஷத்திற்கு 2 லிட்டர் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருப்பார். நடு இரவில் தாத்தா திணறுவதைக் கண்ட பாட்டி, மனம் பொறுக்காமல் 5-க்குத் திருப்பிவிடுவார். நாட்பட்ட நோயாளிகளில் சிலருக்குப் பிராணவாயு மிதமிஞ்சினால், இரத்தத்தில் கரியமிலவாயு சேர்ந்து, தூக்கக் கலக்கம்போல் தொடங்கி நினைவே தப்பிவிடும். அதனால்தான் அத்தகையவர்களுக்கு, விரலில் மாட்டும் கருவி 88 முதல் 92 வரை காட்டினால் போதும் என்கிறார்கள். 98 காட்டவில்லையே என்று குடும்பம் கவலைப்படுகிறது. நல்லது செய்யும் பொருளாயிற்றே, கூடக் கொடுத்தால் என்ன கெடுதல் என்று பாட்டி கேட்பதும் நியாயந்தான். அதற்குப் பதில் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. பாட்டிக்குப் புரியும் தமிழில் இல்லை. அந்தத் தமிழை மாணவர் தாமே சம்பாதித்துக்கொள்ளவேண்டும்.

“புரிந்ததா?” என்று கேட்டால் வகுப்பு முழுவதும் தலையசைக்கும் என்பது எங்களைப் போன்ற உபாத்தியாயர்களுக்குத் தெரிந்த விஷயம். இன்ஹேலர் மருந்தும் அப்படித்தான். நன்றாகக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, பிறகு மெதுவாக உள்ளிழுக்கும்போதே அமுக்கி, சுமார் 10 விநாடி மூச்சை அடக்கவேண்டும். கேட்டவர் தலையசைப்பார், மருந்தில் பெரும்பகுதி வாயிலேயே தங்கிவிடும். “எங்கே, ஒரு தடவை செய்து காட்டுங்கள், பார்க்கலாம்” என்று வயதில் மூத்தவரிடம் அவர் மனம் நோகாமல் கேட்பது சுலபமல்ல. தொண்டையில் துவாரமிட்ட குழந்தையை வீட்டிற்கு அனுப்பும்போதோ, அந்தக் கேள்வியில் உயிரே அடங்கியிருக்கிறது. குழாயைச் சுத்தம் செய்யவும், அவசரத்தில் மாற்றவும், கைப்பையினால் மூச்சுக் கொடுக்கவும் குடும்பத்தில் இரண்டு பேராவது தங்கள் கையாலேயே செய்து பழகிய பின்னர்தான் குழந்தை புறப்படலாம். அளவில் சற்றுச் சிறிய குழாய் ஒன்றும் எப்போதும் பக்கத்தில் இருக்கவேண்டும்.

2021-ல் பிராணவாயுவுக்காக நமது தேசமே அலைந்தது. எப்படியோ சிலிண்டர் வாங்கி வந்தும், அதைத் திறக்கும் விதத்தைக் காட்ட ஆளில்லாமல் தவித்த வீடுகள் பல. அதே வருஷத்தில் பார்லிமெண்டு, துணை வைத்தியத் தொழில்களின் படிப்பையும் தரத்தையும் ஒழுங்கு செய்ய ஒரு சட்டம் இயற்றியது. சுவாச சிகிச்சையும் அதன் பட்டியலில் இருக்கிறது. சந்தோஷந்தான். ஆனால் கடைசி வருஷத்தில் சில மாதங்களாவது, அனுபவசாலி ஒருவருடன் மாணவர்கள் வீடு வீடாகச் சென்று வரவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

பரீட்சையையும் ஒரு வீட்டிலேயே வைக்கலாம். நோயாளியாக நடிக்க ஒருவர் போதும். பரீட்சகர் மின்சார மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துகொள்ளட்டும். மாணவர் பதறாமல் சிலிண்டரைத் திறந்து, அதே 2 லிட்டரில் நிறுத்தவேண்டும். எத்தனை நேரம் தாங்கும் என்று வீட்டார் கேட்பார்கள். 1,500 லிட்டர் அடங்கிய சிலிண்டரானால் 750 நிமிஷம், அதாவது பன்னிரண்டரை மணி. அந்தக் கணக்கை, அவசரத்தில் கூப்பிடவேண்டிய டெலிபோன் நம்பருடன், பாட்டி மூக்குக் கண்ணாடி இல்லாமலே படிக்கக்கூடிய பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு வரவேண்டும்.