மூச்சுக்காற்றின் பாதையும் இப்னு நஃபீஸும்

அரபு மொழியில் ‘நஃப்ஸ்’ என்பது ஆன்மாவைக் குறிக்கும். ‘நஃபஸ்’ என்பது மூச்சைக் குறிக்கும். இரண்டும் நூன், ஃபா, ஸீன் என்னும் மூன்றெழுத்து வேரிலிருந்து பிறந்தவை. உயிருக்கும் மூச்சுக்கும் உள்ள உறவை மொழி முன்னமே உணர்ந்திருந்தது. ஆயினும், உள்ளிழுத்த காற்று எவ்வழியே சென்று, எங்கே, என்ன செய்கிறது என்பதை மனிதகுலம் அறிந்துகொள்ள நெடுங்காலம் ஆயிற்று. அவ்வழியின் முக்கியமான ஒரு திருப்பத்தைச் சரியாகக் காட்டியவர், அதே வேர்ச்சொல்லைத் தம் பெயரில் தாங்கிய அலாவுத்தீன் இப்னு நஃபீஸ் (ரஹ்) அவர்கள்.

இதயத்தின் வல அறையிலுள்ள இரத்தம், இரு அறைகளுக்கும் நடுவேயுள்ள சுவரின் கண்ணுக்குப் புலப்படாத துளைகள் வழியாக இட அறைக்குக் கசிகிறது என்பது கிரேக்க மருத்துவர் ஜாலீனூஸின் (காலன்) கொள்கை. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மருத்துவ உலகம் அதை ஐயமின்றி ஏற்றிருந்தது. திமிஷ்கின் நூரீ மருத்துவமனையில் பயின்று, கெய்ரோவில் மருத்துவராகவும் ஷாஃபியீ ஃபிக்ஹு ஆசிரியராகவும் விளங்கி, ஹிஜ்ரீ 687இல் (கி.பி. 1288) மறைந்த இப்னு நஃபீஸ், இப்னு ஸீனாவின் ‘அல்கானூன்’ நூலிலுள்ள உடற்கூற்றுப் பகுதிக்குக் கி.பி. 1242 வாக்கில் ஒரு விரிவுரை (ஷரஹு) எழுதினார். அச்சுவர் திண்மையானது, அதில் புலப்படும் துளையும் இல்லை, புலப்படாத துளையும் இல்லை, வல அறையின் இரத்தம் நுரையீரலுக்குச் சென்று, அங்கே காற்றுடன் கலந்து, அதன் பின்னரே இட அறையை அடைகிறது என்று அதில் அவர் விளக்கினார். நுரையீரலுக்குச் செல்லும் குழாய்க்கும் அங்கிருந்து மீளும் குழாய்க்கும் இடையே நுண்ணிய வழிகள் உண்டென்றும் குறிப்பிட்டார். இத்தாலியரான மல்பீகி, தவளையின் நுரையீரலில் அத்தகைய தந்துகிகளை நுண்ணோக்கியால் கண்டது 1661இல்தான்.

முந்தையோர் சொன்னதைத் திரும்பச் சொல்வதே ‘ஷரஹு’ என எண்ணுவோர் இதைச் சிந்திக்க வேண்டும். தாம் பெரிதும் மதித்த ஆசானின் நூலுக்கு உரை எழுதும்போதே, ஆதாரமற்ற ஒரு கருத்தை அவர் மறுத்தார். நெடுங்காலம் மறைந்து கிடந்த இச்செய்தியை, பெர்லின் நூலகத்துக் கையெழுத்துப் பிரதியிலிருந்து 1924இல் வெளிக்கொணர்ந்தவர் எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் ததாவீ.

இனி, இன்றைய அறிவியல் கூறும் பாதையைக் காண்போம். பிராணவாயு தனியொரு வாயு என்பது ஷீலே, ப்ரீஸ்ட்லி, லவாய்சியே ஆகியோரின் ஆய்வுகளால் 1770களில் தெளிவாயிற்று. அதன் இயக்கத்திற்கு ஒரே விதிதான்: மிகுந்துள்ள இடத்திலிருந்து குறைந்துள்ள இடத்திற்கு அது பரவும். நுரையீரலின் நுண்ணறைகளில் அதன் அழுத்தம் ஏறத்தாழ 100 மில்லிமீட்டர் பாதரச அளவு. உடலைச் சுற்றி மீளும் இரத்தத்தில் ஏறத்தாழ 40. இரண்டையும் பிரிக்கும் சவ்வின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆதலால் ஒரு நொடிக்குள் வாயு இரத்தத்தில் சேர்ந்துவிடுகிறது.

ஒரு லிட்டர் இரத்தத்தில் வெறுமனே கரைந்திருக்கக்கூடிய பிராணவாயு ஏறத்தாழ 3 மில்லிலிட்டர்தான். செவ்வணுக்களிலுள்ள ஹீமோகுளோபின் அதை ஏறத்தாழ 200 மில்லிலிட்டராக உயர்த்துகிறது. கரியமில வாயு மிகுந்த இடத்தில் ஹீமோகுளோபினின் பிடி தளர்கிறது என்பதை டென்மார்க்கின் கிறிஸ்டியன் போர் 1904இல் கண்டறிந்தார். எனவே கடுமையாக உழைக்கும் தசைக்கே அதிகப் பங்கு கிடைக்கிறது.

இரத்தத்திலிருந்து உயிரணுவுக்குள் நுழைவதற்கு வாயிலோ விசையோ வேண்டியதில்லை. மேற்சவ்வை அது எளிதில் கடந்துவிடும். உள்ளே மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புகள் அதை இடைவிடாது செலவிடுவதால் அங்கே எப்போதும் பற்றாக்குறை நிலவுகிறது. அப்பற்றாக்குறையே மேலும் மேலும் வாயுவை உள்ளே வரவழைக்கிறது. உணவிலிருந்து விடுபட்ட எலெக்ட்ரான்களை இறுதியாக ஏற்று, ஹைட்ரஜனோடு சேர்ந்து அது நீராகிறது. அந்நிகழ்வுத் தொடரில் வெளிப்படும் ஆற்றலே நம் வாழ்வை நடத்துகிறது.

தாவரங்களுக்கு இதயமும் இல்லை, இரத்தமும் இல்லை. இலைத்துளைகள் வழியாகவும், உயிரணுக்களுக்கு இடையேயுள்ள காற்றிடைவெளிகள் வழியாகவும் வாயு பரவுகிறது. பகலில் இலைகள் ஒளிச்சேர்க்கையால் பிராணவாயுவை வெளியிட்டாலும், இரவும் பகலும் மரம் சுவாசித்துக்கொண்டே இருக்கிறது. வேருக்கும் காற்று வேண்டும். நீரினூடே பிராணவாயு பரவும் வேகம், காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு குறைவு. வெள்ளம் தேங்கிய வயலில் பல பயிர்களின் வேர்கள் மூச்சடைத்து மடிவது இதனால்தான். நெற்பயிரோ தன் தண்டினுள் அமைந்த காற்றுக் குழல்கள் வழியாக வேர்வரை வாயுவை அனுப்பி, தேங்கிய நீரிலும் செழிக்கிறது. முத்துப்பேட்டையின் அலையாத்தி மரங்கள் சேற்றுக்கு மேலே மூச்சுவேர்களை நீட்டுகின்றன.

இவற்றையெல்லாம் அறியும்போது ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. விடியல் மூச்சு விடுவதாகத் திருக்குர்ஆனின் தக்வீர் அத்தியாயம் குறிப்பிடுவதை ஒளிச்சேர்க்கை பற்றிய முன்னறிவிப்பு எனச் சிலர் மேடைகளில் கூறுகின்றனர். விரிவுரையாளர்களோ அதைப் பகலொளி பரவுவதைச் சுட்டும் சொல்லாட்சியாகவே விளக்கினர். அவ்வாறே, பிராணவாயுவையும் முழு இரத்த ஓட்டத்தையும் இப்னு நஃபீஸே கண்டறிந்தார் என்பதும் மிகைக் கூற்று. காற்றும் இரத்தமும் கலந்து உயிராற்றலாகிய ‘ரூஹு’ உருவாவதாகவே அவர் கருதினார். முழுச் சுற்றோட்டத்தை நிறுவியவர் 1628இல் வில்லியம் ஹார்வி.

இல்லாத துளையை ‘இல்லை’ என்று சொல்லத் துணிந்த அறிஞருக்கு, இல்லாத புகழைச் சேர்ப்பது மரியாதை ஆகாது. நம் இளைஞர் அறிவியல் வகுப்பில் உண்மையைக் கற்கும் நாளில், மிகைக் கூற்றோடு மெய்யான சிறப்பையும் சேர்த்தே ஐயுறுவர். படைப்பைச் சிந்திக்குமாறு திருமறை நம்மை அழைக்கிறது. உள்ளதை உள்ளபடி அறிவதே அச்சிந்தனையின் முதற்படி. அல்லாஹ்வே மிக அறிந்தவன்.